ருடால்ஃப் ஆக்கர்மான்: சக்கரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்



இந்த மாதம் வாழ்க்கை வரலாறு பகுதியை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. காமராஜர், அன்னை தெரசா, எடிசன், மேரி கியூரி எல்லாரையும் எனக்கு முன்னாடி எழுதினவங்க எழுதிட்டாங்க. நான் எழுதப்போகிறவர் 1834-லேயே இறந்துவிட்டார். லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். ஆனால் கார் ரிப்பேர் செய்கிற எந்த ஊர் மெக்கானிக்கிடம் கேட்டாலும் அவர் பெயர் தெரிந்திருக்கும். புத்தகக் கடைக்காரர் பெயர் மெக்கானிக்குக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் மாமா வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறார். லீவு நாளில் நான் அங்கே போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், டீ வாங்கி வருவேன். பட்டறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் படம் உண்டு. அமெரிக்காவின் டிராக் ரேஸ் கார். பின்னால் இரண்டு சக்கரம் டிராக்டர் டயர் மாதிரி பெரிசா இருக்கும். முன்னால் இரண்டும் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லியா இருக்கும். நடுவில் நீளமாகக் கம்பிக் கூடு. டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு விழுந்ததும் பறக்கும். கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். அதிலும் மிக வேகமான வகைக்கு 2008-ல் ஒரு வீரர் விபத்தில் இறந்த பிறகு 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். அந்த 305 மீட்டருக்குள்ளேயே மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும்!

நேராகப் போகிற காருக்கு எதுக்கு மாமா வீல் அலைன்மென்ட் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, திருப்புவதைவிட நேராகப் போக வைப்பதுதான் கஷ்டம் என்றார். அப்புறம் கேம்பர், கேஸ்டர், டோ-இன், ஆக்கர்மேன் ஆங்கிள் என்று விரல் விட்டு எண்ணினார். முதல் மூன்றும் சாமான் பெயர் மாதிரி இருந்தது. நாலாவது மட்டும் மனுஷன் பெயர் மாதிரி இருந்தது. யாரோ ரேஸ் ஓட்டினவர் என்றுதான் நினைத்தேன். நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேப்பிலும் தேடியபோது கிடைத்தது வேறு கதை.

ருடால்ஃப் ஆக்கர்மான் 1764 ஏப்ரல் 20-ல் ஸ்டோல்பெர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அது இன்றைய ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் இருக்கிறது. அப்பா குதிரைச் சேணம் தைக்கிறவர். பையன் லத்தீன் பள்ளியில் படித்தான், மேலே பல்கலைக்கழகம் போகவும் ஆசைப்பட்டான். வீட்டில் பணம் இல்லை. படிப்பு அதோடு நின்றது. அப்பா தொழிலான சேண வேலைக்கே வந்தான். அங்கிருந்து குதிரை வண்டி கட்டுகிற வேலைக்குப் போனான். (இனிமேல் அவர் என்றே எழுதுகிறேன், பெரிய ஆளாகப் போகிறார்.) டிரெஸ்டன், பாசெல், பாரிஸ் என்று ஒவ்வொரு நகரமாக வேலை பார்த்து, 23-வது வயதில் லண்டன் வந்து சேர்ந்தார்.

லண்டனில் லாங் ஏக்கர் என்று ஒரு தெரு. அந்தக் காலத்தில் கோச்சு வண்டி செய்கிறவர்கள் எல்லாம் அங்கேதான். அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சுத்தியலும் உளியும் அல்ல, பென்சில். புது மாதிரி வண்டிகளைப் படமாக வரைந்து கொடுப்பார். 1791-ல் அந்த மாதிரி வண்டிப் படங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். படம் நன்றாக இருந்தால் வண்டி விற்கும் என்று தெரிந்து வைத்திருந்த மனிதர். வண்டிப் படம் போட்டவருக்குப் படம் மேலேயே ஆசை வந்துவிட்டது போல. 1795-ல் ஸ்ட்ராண்ட் என்ற பெரிய தெருவில் படக்கடையும் ஓவியப் பள்ளியும் ஆரம்பித்தார். ஓவியர்களுக்குக் கலர் தயாரித்து விற்றார். 1801-ல் துணியையும் காகிதத்தையும் தண்ணீர் இறங்காமல் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, அதற்கு ஒரு தொழிற்சாலையும் வைத்தார். லண்டனில் காஸ் விளக்கு போட்ட முதல் சில கடைகளில் இவர் கடையும் ஒன்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து ஓடிவந்த பிரபுக்களுக்கும் பாதிரியார்களுக்கும் தன் கடையில் கைவேலை கொடுத்தார்.

வண்டித் தொழிலை அவர் விட்டுவிடவும் இல்லை. 1805-ல் டிரஃபால்கர் கடற்போரில் தளபதி நெல்சன் இறந்தார். அவர் உடலை ஊர்வலமாகக் கொண்டு போன வண்டியைத் தயாரிக்கும் பொறுப்பு ஆக்கர்மானிடம்தான் வந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் நெல்சனின் கப்பல் மாதிரியே செய்த வண்டி. 1806 ஜனவரி 9-ல் அந்த ஊர்வலம் நடந்தது.

இவருடைய புத்தகங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1808 முதல் 1810 வரை வந்த லண்டன் நகரப் படத் தொகுப்பு. மொத்தம் 104 படம், எல்லாம் கையால் கலர் அடித்தது. அதில் ஒரு விசேஷம். கட்டடங்களை வரைந்தவர் பியூஜின். அதே படத்தில் மனிதர்களை வரைந்தவர் ரோலண்ட்சன். ஒரு படத்துக்கு இரண்டு கை. இரண்டு பேர் பெயரும் இருக்கும். அடுத்து 1809-ல் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் நடத்தினார். அதில் புதிய துணி ரகங்களின் உண்மையான சாம்பிள் துண்டுகளை ஒட்டி அனுப்புவார்களாம். நம்ம சுவர்ப் பத்திரிகையில் போன வருடம் இலை ஒட்டினோமே, அதேதான்!

1813-ல் நெப்போலியனுக்கு எதிராக லைப்சிக் போர் நடந்தது. அது அவர் பிறந்த சாக்சனியில் நடந்த போர். ஊர்கள் அழிந்தன, மக்கள் பட்டினி கிடந்தார்கள். ஆக்கர்மான் லண்டனில் இருந்தபடியே நிவாரண நிதி திரட்டிப் பெரும் தொகை அனுப்பி வைத்தார். ஊரை விட்டுப் போய் 25 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் அதற்குள் இங்கிலாந்துக் குடிமகனாகவும் ஆகிவிட்டார். ஆனாலும் செய்தார்.

இனி மாமா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து நாலு சக்கர வண்டி எப்படித் திரும்பும் தெரியுமா? நம்ம ஊர்த் தேருக்குத் திரும்புகிற அச்சே கிடையாது. முட்டுக்கட்டை போட்டு, இடித்து இடித்துத்தான் திருப்புவார்கள். கோச்சு வண்டியில் முன் அச்சின் நடுவில் ஒரே ஒரு ஆணி இருக்கும். வண்டி திரும்பினால் முழு அச்சும், இரண்டு சக்கரத்தோடு, அந்த ஆணியில் சுற்றும். இதில் இரண்டு கஷ்டம். ஒன்று, சக்கரம் வண்டியின் அடியில் நுழைய இடம் வேண்டும். அதனால் முன் சக்கரத்தைச் சின்னதாக வைக்கணும், இல்லாவிட்டால் வண்டியை உயரமாகக் கட்டணும். சின்னச் சக்கரம் குழியில் மாட்டும், உயர வண்டி ஆடும். இரண்டாவதுதான் ஆபத்து. நன்றாகத் திருப்பினால் முன் சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிடும். நாற்காலியின் முன்கால் இரண்டையும் நடுவுக்குத் தள்ளின மாதிரி. நாலு கால் இருந்தும் மூணு கால் கணக்குதான். வண்டி குடை சாயும்.

ஜெர்மனியின் பவேரியாவில், மியூனிக் நகரத்தில், அரசவைக்கு வண்டி செய்து கொடுத்தவர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். 1779-ல் மார்க்ட்ல் என்ற ஊரில் பிறந்தவர். அவர் 1816-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். அச்சைத் திருப்பவே வேண்டாம், அது நிலையாகவே இருக்கட்டும். அச்சின் இரண்டு முனையிலும் தனித்தனி ஆணி வைத்து, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு குட்டை அச்சு. அந்தக் குட்டை அச்சில் சக்கரம். இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்து இழுத்தால் இரண்டும் சேர்ந்து திரும்பும். அந்தக் குட்டை அச்சைத்தான் நம்ம பட்டறையில் ஸ்டப் ஆக்சில் என்கிறார்கள். அமெரிக்க ரேஸ்காரர்கள் ஸ்பிண்டில் என்கிறார்கள். அந்த ஆணிதான் கிங்பின்.

மியூனிக்கோடு ஆக்கர்மானுக்கு ஏற்கெனவே தொடர்பு இருந்தது. கல்லச்சு முறையைக் கண்டுபிடித்த செனஃபெல்டரும் மியூனிக்காரர்தான். அவருடைய புத்தகத்தை 1819-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் ஆக்கர்மான்தான். லாங்கென்ஸ்பெர்கருக்கு இங்கிலாந்தில் யாரும் இல்லை. அதனால் அவருடைய ஏஜெண்டாக இருந்து, 1818-ல் ஆக்கர்மான் லண்டனில் காப்புரிமை வாங்கினார். காப்புரிமைத் தாளில் ஏறியது ஆக்கர்மான் பெயர். அடுத்த வருடம் அதை விளக்கிப் போட்ட சிறு புத்தகத்தின் தலைப்பிலும் ஆக்கர்மான் பெயர். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் திருடினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஏஜெண்டாகத்தான் வாங்கினார், அதில் ஒளிவு மறைவு இல்லை. சொல்லப்போனால் இதே யோசனை 1758 வாக்கிலேயே இங்கிலாந்தில் எராஸ்மஸ் டார்வின் என்ற டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினின் தாத்தா அவர். நோயாளிகளைப் பார்க்க மோசமான ரோட்டில் வண்டியிலேயே அலைந்தவர். ஆனால் அவர் காப்புரிமை வாங்கவில்லை, அதோடு மறந்தே போச்சு.

இதில் கணக்கு டீச்சருக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். அதனால் இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஒரு டயர் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகும். ஒரு சின்னக் காரை எடுத்துக்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.2 மீட்டர். இரண்டு கிங்பின்னுக்கும் இடையே 1.2 மீட்டர். திரும்பும் வட்டத்தின் மையம், பின் அச்சின் நடுவிலிருந்து 4.4 மீட்டர் தள்ளி இருக்கிறது. உள்சக்கரத்துக்கு 2.2-ஐ 3.8-ஆல் வகுக்கணும், வெளிச்சக்கரத்துக்கு 2.2-ஐ 5-ஆல் வகுக்கணும். டேன் அட்டவணையைப் பார்த்தால் உள்ளே 30 டிகிரி, வெளியே 24 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த 6 டிகிரி வித்தியாசம்தான் ஆக்கர்மேன் ஆங்கிள் செய்கிற வேலை. சக்கரத்தைத் திருப்பும் கைகளைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து, அந்தச் சாய்வுக் கோடு இரண்டும் பின் அச்சின் நடுவில் சந்திக்கிற மாதிரி வைத்தால் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட தானாகவே வந்துவிடும். இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு வண்டியில் கொண்டு வந்தவர் பிரான்சின் ஜாந்தோ, 1878-ல். இதிலும் பாருங்க, பெயர் ஆக்கர்மானுக்கு!

1818-ல் இதெல்லாம் யாரும் கொண்டாடவில்லை. லண்டன் கோச்சு வண்டிக்காரர்கள் இதை ஏற்கவில்லை. பழைய ஒற்றை ஆணியே போதும் என்று இருந்துவிட்டார்கள். ஆக்கர்மானும் தன் புத்தகத் தொழிலுக்குத் திரும்பினார். 1822-ல் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கிற மாதிரி, கதையும் கவிதையும் படமும் சேர்ந்த ஆண்டு மலர் ஒன்றை இங்கிலாந்தில் முதன்முதலாகக் கொண்டு வந்தார். அது சக்கைப்போடு போட்டது, மற்றவர்களும் பார்த்துப் பார்த்துப் போட ஆரம்பித்தார்கள். 1834 மார்ச் 30-ல் ஃபிஞ்ச்லியில் இறந்தார். தன் பெயர் ஒரு சக்கரத்தின் கோணத்துக்கு நிற்கும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். லாங்கென்ஸ்பெர்கர் 1847-ல் இறந்தார்.

அதற்கப்புறம்தான் காரே வந்தது. 1873-ல் பிரான்சில் போலே என்பவர் தன் நீராவி வண்டியில் இந்த இரட்டை ஆணி முறையை வைத்தார். கார்ல் பென்ஸ் 1885-ல் செய்த முதல் காருக்கு மூணு சக்கரம்தான். ஏன் மூணு என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு முன் சக்கரத்தைச் சரியாகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது அமையவில்லை! 1893-ல்தான் குட்டை அச்சு ஸ்டியரிங்குக்குக் காப்புரிமை வாங்கி நாலு சக்கர விக்டோரியா காரை விட்டார். அன்றிலிருந்து உலகம் பூராவும் இதே முறைதான்.

சரி, காலண்டர் படத்து டிராக் கார்? அதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 7.62 மீட்டர். அது பந்தயத்தில் ஒரு டிகிரி திரும்பினாலே அதிகம். அந்த ஒரு டிகிரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் வித்தியாசம் டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆக, ஆக்கர்மான் பெயர் போட்ட கோணத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் லாங்கென்ஸ்பெர்கரின் ஆணிக்கும் குட்டை அச்சுக்கும்தான் எல்லா வேலையும்.

மாமா இதைப் பொறுமையா விளக்கினார். அந்த ஆணியின் மேல்முனையைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ப்பதுதான் கேஸ்டர். சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, கையை விட்டு ஓட்டினாலும் நேராகப் போகுதே, அதேதான். டிராக் காரில் இந்தச் சாய்வைச் சாதாரண காரைவிட நிறைய வைப்பார்கள், அப்போதுதான் சக்கரம் தானாக நேருக்கு வரும். டோ-இன் என்பது இரண்டு சக்கரமும் முன்பக்கம் லேசாக நெருங்கி நிற்பது. நாம் நிற்கும்போது பெருவிரல்களை உள்ளே திருப்புகிற மாதிரி, ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். சாதாரண காரை மாற்றி ரேஸுக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு இதில்தான் தலைவலி. கிளம்பும்போது காரின் மூக்கு தூக்கும். சஸ்பென்ஷன் நீளும்போது ஸ்டியரிங் கம்பியும் அதோடு ஒத்துப் போகாவிட்டால், டிரைவர் தொடாமலேயே சக்கரம் திரும்பிக்கொள்ளும். தரையில் நிற்கும்போது அளவு சரியாக இருந்து பிரயோஜனம் இல்லை, தூக்கி வைத்தும் அளந்து பார்க்கணும். முன் சக்கரம் காற்றில் இருக்கும்போது ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியிருந்தால், தரையில் விழும் நொடியில் கார் பக்கவாட்டில் பாயும். விழுகிற அடி முழுவதையும் வாங்குவது அந்தக் குட்டை அச்சு. கனமாக இருந்தால் வேகம் குறையும், மெலிசாக இருந்தால் உடையும். அதனால்தான் எந்த ஸ்பிண்டில் போடுவது என்பதற்கே அவ்வளவு யோசனை. பழைய அமெரிக்க டிராக் கார்களில் நிறையப் பேர் தேடிப் பிடித்துப் போட்டது, இங்கிலாந்தில் ஃபோர்டு செய்த ஆங்கிலியா என்ற குட்டிக் காரின் ஸ்பிண்டில். சின்னக் கார் என்பதால் எடை குறைவு. அப்புறம் பின்டோ, மஸ்டாங் 2 கார்களின் ஸ்பிண்டிலும் நிறையப் பேர் போட்டார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். போன மாதச் சுவர்ப் பத்திரிகையில் நீராவி எஞ்சின் பற்றி என் கட்டுரை வந்தது ஞாபகம் இருக்கா? நடுவில் பெரிய படம். பிஸ்டன், வால்வு எல்லாம் கலரில். ஆசிரியர்கள் நின்று பார்த்தார்கள். பிரேயரில் என்னைக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார்கள். அந்தப் படத்தை நான் வரையவில்லை. என் பக்கத்தில் உட்காருகிறவன் இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து வரைந்தது. சார்ட்டில் ஒட்டினது நான், கீழே பெயர் எழுதினதும் நான். ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது என்று அவனிடம் சொன்னேன். இடம் இருந்தது. கைதட்டும்போது நான் வாய் திறக்கவில்லை. அவனும் கைதட்டினான்.

இந்த இதழில் கீழே இருக்கும் படமும் அவன் வரைந்ததுதான். இந்த முறை பெயரை அவன் கையாலேயே எழுத வைத்தேன், வலது மூலையில் பச்சை மையில் இருக்கு. முதலில் இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே சாய்வில் வரைந்துவிட்டான். நான் 30-ம் 24-ம் சொன்ன பிறகு அழித்துத் திருத்தினான். கிட்டப் போய்ப் பார்த்தால் ரப்பர் தடம் தெரியும்.